இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நான் தட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருவேன். அன்றைக்குத்தான் தீ ஒத்திகை. மற்ற நாள்களில் குதிகால் உயர்ந்த செருப்பு. குதிகால் புல்தரையில் புதையும் என்பதைத் தவிர இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆசிரியர்கள் காலையில் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார்கள். நான்காம் வகுப்பு ஃபெரிஸ் ஒருமுறை எல்லோருக்கும் கேட்கும்படி, "ஸ்டக்கி மேடம் செருப்பு இருக்கறப்போ நமக்கு எதுக்குங்க மணி?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீங்கள் விசாரணையில் கேட்டதற்கு வருகிறேன். பள்ளி எரிந்த அன்று மாலை நான் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிய படிவத்தில், பள்ளி காலியாக இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி ஆனது என்று இருக்கிறது. அந்த எண் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொல்ல விடுங்கள். மிகவும் களைத்திருக்கிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கத் தெம்பு இருக்காது.

ஹார்லன் ஃபோர்க் ஆரம்பப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகத் துணைத் தலைமையாசிரியை நான். ஒஹாயோவில் இந்த ஊரைத் தெரிந்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தீ ஒத்திகை மட்டும்தான் இருந்தது. பிறகு சூறாவளி ஒத்திகை வந்தது. துப்பாக்கிக்காரன் நுழைந்தால் கதவைப் பூட்டி விளக்கை அணைக்கும் ஒத்திகை வந்தது. பள்ளிப் பேருந்தின் பின்கதவு வழியாகக் குதிக்கும் ஒத்திகை வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் உண்டு. தேதி, வானிலை, ஆன நேரம், நேரம் பார்த்தவர் பெயர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். எல்லாவற்றையும் நான்தான் நிரப்பினேன். பாடம் நடத்துவது எப்படி என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

ஒவ்வொரு வகுப்புக் கதவிலும் ஒரு சிவப்புக் கோப்பு தொங்கும். அதில் மாணவர் பெயர்ப்பட்டியலும் ஓர் அட்டையும் இருக்கும். மைதானத்துக்கு வந்ததும் ஆசிரியர் தலைகளை எண்ணுவார். கணக்குச் சரியென்றால் அட்டையின் பச்சைப் பக்கத்தைத் தூக்கிக் காட்டுவார். ஒரு பிள்ளை குறைந்தாலும் சிவப்பு. கடைசிப் பச்சை எழும்போது ஒத்திகை முடிந்தது.

டாம்ஸின் ஓக்லி மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது அவளுடைய வகுப்பு மாடிக்குப் போனது. அவள் சக்கர நாற்காலியில் இருப்பவள். மணி அடித்தால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. அதற்காக மாவட்டம் படியிறக்கும் நாற்காலி ஒன்றை வாங்கிக் கொடுத்தது, இரண்டு பேர் பிடித்துப் படிப்படியாக இறக்கவேண்டும். அந்த வருடத்து முதல் ஒத்திகையில் ஃபெரிஸும் நானும் இறக்கினோம். ஏழு நிமிடம் நாற்பது விநாடி ஆனது. டாம்ஸினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடுத்த தடவ ஆறு நிமிஷத்துல எறங்கிடலாம் மிஸ், ஃபெரிஸ் சார் மூச்சு வாங்காம இருந்தா" என்றாள். மறுநாள் அந்த நாற்காலியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாடியில் படி தொடங்கும் இடத்தில் வைத்தோம்.

மாவட்டக் கல்வி அதிகாரி க்ரெய்டர் மாதாமாதம் ஐந்து பள்ளிகளின் நேரத்தையும் வரிசைப்படுத்தி எல்லோருக்கும் அனுப்புவார். அந்த மாதம் நாங்கள் கடைசி. அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏழு நிமிஷம் நாப்பது செகண்டா, ரொவீனா? அதுக்குள்ள நான் ரெண்டு முட்டை அவிச்சு, உரிச்சு, சாப்பிட்டே முடிச்சிருப்பேன்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்குத்தான் அது உறைத்தது. பதினேழு வருடம் படிவம் நிரப்பியவளுக்கு இந்தப் பேச்சா என்று அன்று கழிப்பறையில் போய் அழுதேன்.

அடுத்த மாதத்திலிருந்து ஓர் ஏற்பாடு செய்தேன். ஒத்திகைக்குப் பத்து நிமிடம் முன்னால் நானே மாடிக்குப் போய் டாம்ஸினை லிஃப்டில் அழைத்து வந்து கொடிக்கம்பத்தின் அருகில் நிறுத்திவிடுவேன். அவளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை.

"நான் அந்த நாற்காலியில எறங்கிப் பழக வேணாமா மிஸ்? நெஜமாவே தீப்பிடிச்சா?"

"நெஜமா பிடிச்சா தீயணைப்புக்காரங்க வந்து தூக்கிட்டுப் போவாங்க கண்ணு. இப்போ நீ மேல இருந்தா யாரு நேரம் பாக்கறது?"

என் ஸ்டாப்வாட்சை அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். அதன்பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. மணி அடித்ததும் அமுக்குவாள், கடைசிப் பச்சை எழுந்ததும் நிறுத்துவாள். மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் எனக்கு விரலால் காட்டுவாள். மூன்று விரல், சற்று நிறுத்தி ஒரு விரல், மறுபடி ஐந்து விரல். நான் கட்டைவிரலை உயர்த்துவேன், பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். படிவத்தில் 'நேரம் பார்த்தவர்' என்ற கட்டத்தில் அவள் பெயரையே எழுதுவேன். அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள். அந்தக் கடிகாரத்தை அவள் வீட்டில்கூடக் கழற்றுவதில்லை என்று அவளுடைய அம்மா சொன்னாள். "எம் பொண்ண நம்பி ஒரு வேலையக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான் மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பிள்ளைமேல் உண்மையாகவே பிரியம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பட்டியலில் இருபத்து மூன்று பெயர், வரிசையில் இருபத்திரண்டு தலை. ஆசிரியர் குழம்பிப்போய்ச் சிவப்பைத் தூக்கிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து பச்சைக்குத் திருப்புவதில் பத்து விநாடி போனது. அதனால் சிவப்புக் கோப்பில் வைக்கும் பட்டியலை மட்டும் அவள் பெயர் இல்லாமல் புதிதாக அச்சிட்டேன். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவள்தான் முன்கூட்டியே வெளியே இருந்தாளே.

நேரம் மூன்று நிமிடத்துக்கு வந்தது. மாவட்டத்தில் நாங்கள் முதலிடம். ஒன்றரை வருடம் அப்படியே போனது. படியிறக்கும் நாற்காலிப் பயிற்சி நடந்ததாக ஒவ்வொரு பருவத்திலும் கையெழுத்துப் போட்டேன். நாற்காலி எங்கும் போய்விடவில்லை, உறைக்குள் பத்திரமாக இருந்தது.

தீப்பிடித்தது மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் மின்கசிவு. நான் குதிகால் செருப்பில் இருந்தேன். டாம்ஸின் அப்போது ஃபெரிஸின் நான்காம் வகுப்பில். ஃபெரிஸுக்கு அன்று பல்வலி, விடுப்பு. அவர் இடத்தில் ஜூனி ஆல்பிரெக்ட் என்ற மாற்று ஆசிரியை வந்திருந்தாள், இருபத்து நான்கு வயது, எங்கள் பள்ளியில் அவளுக்கு அதுதான் முதல் நாள். மணி அடித்தபோது டாம்ஸின் மாடியின் மறுகோடியில் கழிப்பறையில் இருந்தாள். ஜூனி பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறாள்.

"நாற்காலியில ஒரு பொண்ணு வெளிய போனாளே, அவ எங்க?"

"டாம்ஸினா? மணி அடிச்சா அவ முன்னாடியே கீழ இருப்பா மிஸ். ஸ்டக்கி மேடம் கூட்டிட்டுப் போயிடுவாங்க. எப்பவுமே அப்படித்தான்."

ஜூனி பட்டியலைப் பார்த்தாள். இருபத்திரண்டு. எண்ணினாள். இருபத்திரண்டு. பச்சையைத் தூக்கினாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. பாவம், அவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள்.

அதுதான் கடைசிப் பச்சை. என் கண் பழக்கத்தில் கொடிக்கம்பத்துக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. பிறகு மேலே பார்த்தேன்.

மாடியில் படி தொடங்கும் இடத்து ஜன்னலில் அவள் இருந்தாள். புகை அப்போது அங்கே வந்திருக்கவில்லை. அவள் பயந்த மாதிரியும் தெரியவில்லை. மைதானம் முழுவதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், ஜூனியின் அட்டை உட்பட. கழுத்திலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு விரல் காட்டினாள். பிறகு நான்கு. பிறகு இரண்டு கையாலும் எட்டு.

நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அந்த எண் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அவள் கழுத்திலிருந்து எடுத்து நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் இந்தக் கடிகாரம் காட்டுவதும் அதையேதான். அவள் எப்போதும் சரியாகத்தான் பார்ப்பாள்.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தீயணைப்பு வண்டி வந்தது. அதன் தலைவர் ஓடிவந்து, "எல்லாரும் வெளிய வந்தாச்சா மேடம்?" என்றார். "எல்லா அட்டையும் பச்சைங்க" என்றேன். அது பொய் இல்லை. பெயர் இல்லாத அந்தப் பட்டியல் ஜூனியின் கையில் இருந்தது. ஒரு பிள்ளை மாடியில் இருக்கிறாள் என்று சொன்ன அடுத்த நொடி எல்லோரும் அதைத்தான் பிடுங்கிப் பார்ப்பார்கள். முதலில் அதைச் சரிசெய்துவிட்டால் பிறகு நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். மைதானத்தைக் கடந்தேன், குதிகால் புதைந்துகொண்டே இருந்தது. ஜூனியிடமிருந்து கோப்பை வாங்கினேன். முழுப்பட்டியலின் பிரதி என் காரில் இருந்தது. அதை எடுத்துக் கோப்பில் வைத்து, பழையதை மடித்து டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, திரும்பி வந்து தலைவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் நடுவில் ஏழு நிமிடம் நாற்பது விநாடி என்று அவர்களுடைய ஒலிப்பதிவில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் கடிகாரம் பார்க்கவில்லை.

மாடிப்படித் தடுப்புக் கதவு இருபது நிமிடம் புகையைத் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. அதை நம்பினேன். ஆனால் அவளுடைய சக்கரம் தடையில்லாமல் போய்வரட்டும் என்று அந்தக் கதவைத் திறந்தே வைக்க அடியில் ரப்பர் ஆப்பு செருகச் சொன்னதும் நான்தான், அது அப்போது ஞாபகத்தில் இல்லை. அவள் உடலைத் தூக்கியபோது படியிறக்கும் நாற்காலி உறை பிரிக்காமல் பக்கத்திலேயே நின்றதாம். உறையின் ஓர் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்ததாம், விரலால் இழுத்த மாதிரி. அதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

நான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். போடாத கையெழுத்தா. ஆனால் அந்த மாதப் படிவத்தைத் திருத்தச் சொல்லாதீர்கள். இத்தனை வருடத்தில் எங்கள் பள்ளி இவ்வளவு சீக்கிரம் காலியானதே இல்லை. 'நேரம் பார்த்தவர்' என்ற கட்டத்தில் வழக்கம்போல டாம்ஸின் பெயரைத்தான் எழுதி அனுப்பினேன். அவளுக்கு அது பிடிக்கும்.