கஸ்தூரி கல்யாண டிவிடியின் நகல்

டிவிடியை எப்போதும் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். நம் காலனியில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பஜ்ஜி தின்ற கையோடு பிடித்துவிட்டு, பிறகு படம் நிற்கிறது, குரல் திக்குகிறது என்று என்னிடம் வருவார்கள்.

நீங்கள் மூவரும் காலனிச் சங்கத்தின் சார்பில் விசாரிக்க வந்திருப்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இந்த விசாரணைக்கான அறிவிப்பை போர்டில் ஒட்டியதும் நான்தான். செயலாளர் என்ற முறையில் அது என் கடமை. குற்றம் சாட்டப்பட்டவனும் நானே என்பதற்காக வேலையைத் தள்ளிப்போட முடியாது.

மாடம்பாக்கத்துக்கு நான் வீடு கட்டி வந்த நாளிலிருந்து எதிர்வீட்டில் பொன்னுரங்கம் குடும்பம்தான். தாம்பரம்–பீச் மின்சார ரயில் ஓட்டுபவர். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகப் பேசுவார். அவர் வண்டியைத் தெருவை அடைத்து நிறுத்துவது பற்றியும், வாசலில் தண்ணீர் தேங்குவது பற்றியும் நான் அவரிடம் அடிக்கடி பேச வேண்டியிருந்தது. ஒருநாளும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. "உள்ள வா சார், காபி குட்சிக்கினே திட்டு" என்பார். குறையை முறைப்படி எடுத்துச் சொல்லும்போது இப்படிப் பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கும். காபியைக் குடித்துவிடுவேன்.

அவர் மகள் கஸ்தூரி கல்யாணமாகி, கையோடு மாப்பிள்ளையுடன் மஸ்கட் போய்விட்டாள். அடுத்த மழைக்காலத்தில் பொன்னுரங்கம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கஸ்தூரி அப்போது நிறைமாதம், அதனால் வர முடியவில்லை. குழந்தை பிறந்த பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று, கல்யாண டிவிடி. மண்டபத்தில் அவள் புடவை மாற்றப் போயிருந்த நேரத்தில் அப்பா கேமரா முன்னால் நின்று அவளுக்காக ஏதோ பேசினார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை அவள் கேட்டதில்லை. ஒரே ஒரு டிவிடிதான் இருந்தது. எடுத்துக் கொடுத்த வீடியோக்காரர் கடையை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். எடுத்த டேப்பில் அதற்குள் வேறு பல கல்யாணங்கள் ஏறியிருந்தன.

பொன்னுரங்கத்தின் மனைவி கங்கையம்மாள் டிவிடியைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். "ஒரு காப்பி போட்டுக் குடு சார். ஒண்ண அனுப்பிட்டு ஒண்ண நான் வெச்சிக்கிறேன். எனக்குப் பாக்க தைரியம் இல்ல, ஆனா வூட்ல இருக்கணும்" என்றார்.

என் மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் டிவிடி எழுதும் வசதி உண்டு. வேலை எளிது. டிவிடியை டிரேயில் வைத்து, முதலில் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் இறக்க வேண்டும். பிறகு வெற்று டிஸ்க்கை வைத்து அதில் எழுத வேண்டும். நடுவில் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் பொறுப்புள்ளவன் என்ன அனுப்புகிறோம் என்று ஒரு தடவை பார்ப்பான். பார்த்தேன்.

பொன்னுரங்கம் பட்டு வேட்டியில், வியர்த்த முகத்துடன் கேமராவைப் பார்த்துப் பேசினார். அந்தப் பேச்சில் என்னைப் பற்றியும் வந்தது. ஒரு வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. பாவம் என்று சொல்லியிருந்தார்.

இந்தச் சங்கத்தின் செயலாளரைப் பற்றி மஸ்கட்டில் முன்பின் தெரியாதவர்கள் ஹாலில் உட்கார்ந்து அந்த வார்த்தையைக் கேட்கலாமா என்று யோசித்தேன். அது என் தனிப்பட்ட மானம் பற்றிய விஷயம் அல்ல. காலனியின் கௌரவம்.

முதலில் அந்த ஒரு வார்த்தையின் ஒலியை மட்டும்தான் எடுத்தேன். கேட்டால் இருமல் வந்த மாதிரி இருந்தது. அந்த வாக்கியத்தையே எடுத்தேன். அதற்கு முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் ஒட்டவில்லை. அரைகுறையாக ஒரு மனிதரைப் பேசவிடுவது அவருக்கே மரியாதை இல்லை. ஆகவே படத்தை விட்டுவிட்டு, பேச்சின் ஒலி முழுவதையும் நீக்கி, தாலி கட்டும்போது வந்த நாதஸ்வரத்தை அங்கே போட்டேன். உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாகவே இருந்தது.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு விதமான டிவிடி இருந்தால் குழப்பம்தானே வரும். அதனால் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அசலை லேசாகத் தேய்த்தேன். டிரேயில் வைத்தால் சுற்றியது, படம் வரவில்லை. அசலோடு நகல் இரண்டைக் கொடுத்து, அசல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது, நான் காப்பாற்றியது இவ்வளவுதான் என்று கங்கையம்மாளிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் பாயசம் வந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் ஒருநாள் தைரியம் வந்து நகலைப் போட்டுப் பார்த்துவிட்டார்.

"சார், அவரு வாயசைக்கிறாரு, சத்தமே காணோமே" என்று வந்து நின்றார். கல்யாண வீடியோவில் மேளத்தைப் போட்டுப் பேச்சை மூடுவது வழக்கம்தான் என்றேன். உதட்டைப் பார்த்தாலே தெரிகிறது, எல்லாரையும் பந்திக்குக் கூப்பிடுகிறார் என்றும் சொன்னேன்.

"இல்ல சார். நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். கஸ்தூரிக்குச் சொன்னாரு. உன்னப் பத்திக்கூடச் சொன்னாரு."

நான் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினேன். துக்கம் வந்தால் மனசு நடக்காததை எல்லாம் நடந்ததாகக் காட்டும், படித்தவர்களுக்கே அப்படி நடக்கிறது என்றேன். அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். கடைசியில், "நீ படிச்சவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனார். பிறகும் இரண்டு மூன்று தடவை வந்து கேட்டார். நானும் சலிக்காமல் அதையே சொன்னேன். நாளடைவில் கேட்பதை நிறுத்திவிட்டார். மற்ற விஷயங்களிலும் அவருக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. கேஸ் அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று என்னிடம் கேட்பார். பார்த்துச் சொல்லிவிட்டு வருவேன். அண்டை வீட்டுக்காரன் செய்ய வேண்டியதுதான்.

கஸ்தூரி மஸ்கட்டிலிருந்து போன் செய்து, அப்பா என்னதான் பேசினார் என்று கேட்டிருக்கிறாள். "பந்திக்குத்தான் கூப்ட்டாராம்மா. நான்தான் தப்பா நெனச்சிக்கினு இருந்தேன்" என்று தாய் சொன்னார். நான் அங்கே கூடத்தில்தான் இருந்தேன். போனில் அந்தப் பெண் அழுவது எனக்கே கேட்டது. எனக்கென்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலா போனார் என்று கேட்டாள். குழந்தை பெற்ற உடம்பு, அவ்வளவு அழக் கூடாது.

இந்தக் கோடை விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளைதான் அசலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இது தானா தேஞ்சது இல்ல சார், யாரோ தேச்சது" என்றார். குரலை உயர்த்தவில்லை. நல்ல பையன், டிஸ்க்கை ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தார்.

ஆக, தேய்த்தது நான்தான். பேச்சை எடுத்ததும் நான்தான். பொன்னுரங்கம் சொன்னது என்ன என்றுதானே கேட்கிறீர்கள். வார்த்தை பிசகாமல் சொல்கிறேன்.

"அம்மாடி கஸ்தூரி, நல்லா இரு. போன் மட்டும் பண்ணிக்கினே இரு. எதிர்வூட்டு தோத்தாத்ரி சார் பாவம். புள்ள இங்க கீற சிறுசேரிலதான் வேல செய்றான், வந்து எட்டிப் பாக்கறது இல்ல. மன்சன் பேச ஆளில்லாம, எதுனா புகார் சொல்ற சாக்குல நம்ம கேட்டாண்ட வந்து நிக்கிறாரு. அந்த மாரி எங்கள நிக்க வெச்சிடாதம்மா. எனக்கு எதுனா ஆனாலும் சாருக்கு நம்ம வூட்லருந்து காபி போய்க்கினே இருக்கணும்."

இதில் தகவல் பிழை இருக்கிறது. என் மகன் போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளிக்கு வந்தான்.

அசல் பேச்சு முழுவதும் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. அதை அழிக்கும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. கஸ்தூரிக்குக் கொடுத்துவிடச் சொல்கிறீர்கள். கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அது பெரும்பாலும் என்னைப் பற்றிய பேச்சு என்பதைச் சங்கம் கவனிக்க வேண்டும். தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுக் கேட்கிறேன். பேச ஆள் இல்லாமல் அல்ல. ஃபைல் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.