எஞ்சின் இல்லாத காருக்குப் பிரேக்

போர் முடிந்து மீள்குடியேறிய காலம். அடம்பனிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் என் முன்னால் இருந்தவரின் மடியில் இற்றுப்போன பிரேக் கேபிள் ஒன்று கிடந்தது.

“எஞ்சின் இல்லாத காருக்கு என்னத்துக்கு மச்சான் பிரேக்?” என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

“நிக்கத்தான்.”

“ஓடாத கார் நிக்கத்தானே செய்யும்?”

எனக்கும் விளங்கவில்லை.

“அப்பாட பழைய ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினை ஆரோ கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். கொட்டில் ஒழுகுது எண்டு பிள்ளையளை அதுக்குள்ளதான் படுக்க விடுறனாங்கள். குளக்கட்டில நிக்குது.”

“சில்லுக்குக் கல்லு வையன்.”

“வச்சனான். நேற்று மழைக்குக் கல்லு விலகி, கார் தண்ணிப் பக்கம் உருண்டிட்டுது. என்ர மனிசி முன்னுக்கு நிண்டு தாங்கினவள்.”

“ஐயோ! பிள்ளையள்?”

“பிள்ளையளுக்கு ஒண்டுமில்லை. அவளுக்குத்தான் கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில. என்னைப் பார்க்க வராதை, முதல் பிரேக்கைச் செய் எண்டு சொல்லிவிட்டவள்.”