நனைக்காத துணி

அந்த ஜன்னலுக்கு எதுக்குத் தம்பி ஏறுறீங்க, இறங்குங்க. அது சமையக்கட்டு ஜன்னல், அதுக்கு எப்பவுமே ஸ்கிரீன் போட்டதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அட்டை மாதிரி விறைச்சுப் போயிரும். ஹாலுக்கு வாங்க. தெருப் பக்கம் பெரிய ஜன்னல் இருக்கு பாருங்க, அதை அளந்தாப் போதும்.

பார்த்து, பார்த்து. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். அவரா? உள்ளதான் இருக்கார். வரமாட்டார். இந்த ஹால் பக்கமே வர்றதில்லை, சாப்பாடுகூட உள்ளயேதான். தெருவுல போன உங்களை நான் கைதட்டிக் கூப்பிட்டப்பவே கேட்டார், உனக்கு எதுக்குடி இந்த வேலைன்னு.

நாற்காலி அங்கயே இருக்கட்டும், நகத்தாதீங்க. ஆமா, நான்தான் உட்காருவேன். பகல் பூரா உட்கார்ந்து வேடிக்கை பார்க்க அப்படி என்ன இருக்குன்னு கேப்பீங்க. எதிர் வீடு இருக்கே. நேராப் பாருங்க, கம்பி வச்ச பால்கனி, அதுக்குப் பின்னால தரை வரைக்கும் கண்ணாடிக் கதவு. காலைல நீங்க அளந்துட்டு வந்தது அதைத்தானே? இங்கேர்ந்து பார்த்தேன். டேப்பை மேலேர்ந்து விட்டுட்டு, மண்டி போட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தீங்க. வேலை தெரிஞ்ச ஆளுன்னு அப்பவே நினைச்சேன்.

இப்ப அங்க ஊதாக் கலர்ல ஒண்ணு தொங்குதே, அது நான் தைச்சது. சிரிங்க, சிரிங்க. ஒரு சாண் குட்டைதான். புது வீட்டுக்குன்னு நல்ல காட்டனாப் பார்த்து எடுத்தேன். தண்ணில நனைச்சுக் காயவச்சுதான் வெட்டணும்னு எனக்கு யார் சொன்னா? கடையில கொடுத்ததை அப்படியே வெட்டித் தைச்சுட்டேன். மாட்டினப்ப ஜம்முன்னு தரையைத் தொட்டுச்சு. முதல் துவைப்புல மேல ஏறினது ஏறினதுதான். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அம்மா, வளர்ற பிள்ளைக்கு எடுத்த பாவாடை மாதிரி ஆயிருச்சேன்னு.

அவளா? என் பொண்ணு தம்பி. அது என் பொண்ணு வீடு.

உங்களுக்குக் கதவைத் திறந்தது என் மாப்பிள்ளைதானே? டீ கொடுத்தானா? கொடுப்பான். அண்ணே அண்ணேன்னு தேனா ஒழுகப் பேசுவான், தெருவுல அத்தனை பேருக்கும் அவன் தங்கமான பையன். அவளைப் பார்த்தீங்களா? இல்லையா. எப்படிப் பார்ப்பீங்க, விடமாட்டான். கண் முன்னாடியே இருக்கட்டும்னு அந்த வீட்டைத் தேடிப் பிடிச்சுக் கொடுத்தவ நான். இப்ப நான் அந்தப் படி ஏறக் கூடாது. அவ கையில ஃபோன் கிடையாது. அவன் வேலைக்குப் போறப்ப வெளியில பூட்டு. ஸ்டேஷனுக்குப் போகாம இருப்போமா? போனோம். அவளை வரவச்சுக் கேட்டாங்க. அவனைப் பக்கத்துலயே நிறுத்திட்டுக் கேட்டாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டா. அதோட எங்க வீட்டுக்காரர் உள்ள போய்ப் படுத்தவர்தான்.

ஆனா அந்த ஒரு சாண் இருந்துச்சு தம்பி. விளக்கு போட்டப்புறம் இங்கேர்ந்து பார்த்தா, ஸ்கிரீனுக்கும் தரைக்கும் நடுவுல அவ பாதம் தெரியும். நடக்கிற நடையை வச்சே அன்னைக்கு எப்படின்னு சொல்லிருவேன். அவளுக்கும் தெரியும் நான் பார்க்குறேன்னு. பாத்திரத்தைக் கழுவி வச்சுட்டு அந்த இடத்துல வந்து நிப்பா. ரெண்டு குதிகாலையும் தூக்கித் தூக்கி இறக்குவா. இருக்கேம்மான்னு அர்த்தம். அதைப் பார்த்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் பாதம் வரல. மூஞ்சி வந்துச்சு. அவன் மூஞ்சி. தரையில குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோட ஒட்டி வச்சுக்கிட்டு, அந்த இடுக்கு வழியா நேரா என்னைப் பார்த்தான். சிரிச்சான். அன்னையிலேர்ந்து தலகாணியை வரிசையா வச்சு அடைச்சுட்டான். காலைல நீங்க அளக்கிறதுக்காகத்தான் அதை எடுத்து, ஸ்கிரீனையும் ஒதுக்கினான். நீங்க மண்டி போட்டுக் குனிஞ்சப்ப உங்க முதுகுக்குப் பின்னால அவ போனா. ஒரு காலை ஊனவே இல்லை. அதுல கட்டு போட்டிருந்துச்சு. மூஞ்சியை நான் பார்க்கல, கட்டுலயே என் கண்ணு நின்னு போச்சு.

டேப்பை எதுக்குச் சுருட்டுறீங்க? இருங்க. உங்களை எந்த வம்புக்கும் இழுக்கல. இந்த ஜன்னலுக்கா? இதுக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி, இதை மூடிட்டு நான் எங்க போறது? உங்களை மேல வரவைக்க எனக்கு ஒரு சாக்கு வேணும், அவ்வளவுதான்.

தரையைத் தொடணும்னு உங்ககிட்ட அழுத்தி அழுத்திச் சொல்லியிருப்பானே. சொன்னானா? சரி. அளவை அப்படியே போடுங்க, நூல் பிசகாம. மாட்டினதும் குனிஞ்சு பார்ப்பான். துணி என்ன சொன்னான்? கெட்டியா, வெளிச்சம் தெரியாததா, வேற ஒண்ணும் சொல்லலையா? நல்லதாப் போச்சு. அப்போ கெட்டிக் காட்டனைக் காட்டுங்க. நனைக்காம வெட்டுங்க. நீங்க நனைக்காம வெட்ட மாட்டீங்கன்னு தெரியும், கடை பேர் கெட்டுரும். எனக்காக இந்த ஒரு தடவை. சுருங்கினா துணி சரியில்லைன்னு ரெண்டு வார்த்தை உங்களைத் திட்டுவான், வாங்கிக்குங்க. மறுபடியும் எதையாவது வச்சு அடைப்பான், அடைக்கட்டும். அது வரைக்குமாவது பார்ப்பேன்ல.

அவகிட்ட நீங்க வாயே திறக்க வேண்டாம். துணியைக் கையில தொட்டாலே புரிஞ்சுக்குவா. எதையாவது கொட்டிக் கறை ஆக்கி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வச்சு அதுல போட்டுருவா. புதுசைக் கறை ஆக்கினதுக்கு அவளுக்கு அடி விழும். தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் கேக்குறேன்.