பதினான்கு பூண்டுப் பற்கள்

உதிர்ந்த இலையைக் காலை பத்து மணிக்கு மேல்தான் வார வேண்டும். அதற்கு முன் வாரினால் பனி ஈரத்தில் இலை புல்லோடு ஒட்டிக்கொண்டு, புல்லையும் வேரோடு பிடுங்கிவிடும். நீங்கள் வந்தபோது மணி பத்தே கால். நான் பாதி வாரியிருந்தேன். முடிக்கட்டும் என்று தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றீர்கள், கான்ஸ்டபிள். உங்கள் வயதில் அந்தப் பொறுமை அபூர்வம். அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகவே சொல்கிறேன். தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும்.

என் பெயர் ஆட்ரி பெட்டிக்ரூ. வயது எழுபத்தொன்று. இந்த ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்து வீட்டில் டெஸ், அவர் மனைவி நோலீன். தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர் டெஸ். இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கிறோம். அவர்களைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் கிடையாது. அதுதான் பெரிய சங்கடமாக இருந்தது.

என் வாசலுக்கு வெளியே உள்ள புல்லை அவர் கேட்காமலே வெட்டிவிடுவார். செவ்வாய்க்கிழமை குப்பைத்தொட்டியை உள்ளே உருட்டிவிடுவார். என் கணவர் கிளைவ் இறந்த வருடம், குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தோறும் என் படியில் ஒரு சட்டி பூசணி சூப் இருக்கும். சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது நன்றி சொல்ல வேண்டும். ஒரு மனுஷி ஒரு வாரத்தில் எத்தனை முறைதான் நன்றி சொல்வாள்?

அவர்கள் பக்கம் ஓர் ஆஷ் மரம் நிற்கிறது. அதன் பெரிய கிளை ஒன்று அவர் கூரையை உரசிக்கொண்டு என் தோட்டத்துக்குள் நீண்டிருந்தது. மார்ச்சில் இலையுதிர் காலம் பிறந்தால் மஞ்சள் இலையாகக் கொட்டும். மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் தோட்டங்களைத் திறந்துவைத்து நடுவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள். மூன்று வருடமாக எனக்கு இரண்டாம் இடம். "அழகான தோட்டம், ஆனால் கொஞ்சம் குப்பை" என்று ஒரு வருடம் எழுதியே கொடுத்தார்கள்.

டெஸ் அந்த இலையை மூட்டை மூட்டையாக அள்ளி என் உரக்குழிக்குக் கொண்டுவருவார்.

"டீச்சர், தங்கம் கொண்டாந்திருக்கேன். எங்க கொட்ட?"

அவர் பையன் என்னிடம் படித்தவன். அதனால் நான் அவருக்கும் டீச்சர்தான். இரண்டாம் இடமாவது கிடைத்தது அந்த இலை உரத்தால்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் வேலிமேல் கையூன்றி நின்றார். "இந்தக் கிளை உங்க பக்கம் ரொம்பத்தான் நீட்டுது டீச்சர். ஒரு வார்த்தை சொல்லுங்க, சனிக்கிழமையே அறுத்துத் தர்றேன்."

"வேண்டாம் டெஸ். பார்க்க நல்லாத்தான் இருக்கு."

"கோப்பை கைக்கு வரலேன்னா என் மரத்தத் திட்டக்கூடாது, ஆமா."

"சரி" என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. சொல்லியிருந்தால் அறுத்திருப்பார். அறுத்த கட்டையைக்கூட என் அடுப்புக்கு விறகாகப் பிளந்து அடுக்கியிருப்பார். அந்த விறகு எரிகிற குளிர்காலம் முழுக்க நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மார்ச் முதல் வாரம் அவர்கள் இருவரும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கிளைவின் துளைப்பானை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். கிளை மரத்தோடு சேருகிற இடத்தில் பதினோரு துளை. ஒவ்வொன்றிலும் களைக்கொல்லி. பிறகு மெழுகுவர்த்தியை உருக்கி, தேயிலைத்தூள் கலந்து, பட்டை நிறத்தில் அடைத்தேன். அந்தக் கிளைக்கு மட்டும்தான் செய்தேன், மரத்தைத் தொடவில்லை. நான் குரூரமானவள் அல்ல.

ஊரிலிருந்து திரும்பிய டெஸ் அண்ணாந்து பார்த்தார். "என்ன டீச்சர், உங்க பக்கம் மட்டும் இலையெல்லாம் முன்னாடியே கொட்டிருச்சு? நடுவருங்க வராங்கன்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு போல."

ஏப்ரல் மூன்றாம் வாரம் பெரிய காற்று அடித்தது. மரம் முழுவதும் மொட்டையாகிவிட்டது. இலையுதிர் காலத்தின் விசேஷம் இது, கான்ஸ்டபிள். செத்த கிளையும் தூங்குகிற கிளையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை இருந்தால் உயிர், பழுப்பு என்றால் முடிந்தது. இதை நான் முப்பது வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் இருபத்தைந்து, அன்சாக் தினத்தன்று பூண்டு ஊன்ற வேண்டும். அதைத் தள்ளிப்போட்டு யாராவது நல்ல பூண்டு எடுத்ததாக இந்தப் பக்கம் நான் கேள்விப்பட்டதில்லை. மூன்று வாரமாகப் பாத்தி தயார் செய்து வைத்திருந்தேன். மதியம் மழை என்று வானொலி சொல்லியிருந்தது. டெஸ்ஸும் அதைக் கேட்டிருக்க வேண்டும். போரில் இறந்தவர்களுக்கான விடியற்காலை அஞ்சலி முடிந்து வந்தவர், கோட்டில் குத்திய அப்பாவின் போர்ப் பதக்கங்களைக்கூடக் கழற்றவில்லை. நேராக ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நோலீன் படைவீரர் சங்கத்தில் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எங்க கூரைத் தகரத்து ஓரத்துல இலை அடைச்சுக்கிடக்கு. மழைக்கு முன்னால எடுத்துடணும். ஏணிக் கால் உங்க பாத்தியிலதான் நிக்கும். பத்தே நிமிஷம், சரியா?"

சரி என்றேன். அவர் எடுத்துக்கொண்டது நாற்பது நிமிடம். கூரைமேல் நின்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். ஏணியின் கால்கள் என் ஐந்தாவது வரிசையில் புதைந்து நின்றன. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஏணியை எடுத்துப் பாத்திக்கு வெளியே படுக்கவைத்தேன். ஓசையில்லாமல், கவனமாக. அவருடைய பொருள், கீறல் விழக்கூடாது அல்லவா?

"டீச்சர், ஏணி எங்க?"

"பூண்டு ஊன்றிட்டிருக்கேன் டெஸ். இன்னும் ஒரு வரிசைதான்."

"அதுக்குள்ள நான் இங்கயே வேர் விட்டுருவேன் போலிருக்கே." சிரித்தார். பிறகு தூறல் விழுந்தது. "தகரம் வழுக்குது டீச்சர். கொஞ்சம் தூக்கி வைங்களேன்."

என் கை முழுக்க மண். ஏணியைத் தூக்க வேண்டுமானால் கழுவ வேண்டும், கழுவினால் திரும்பவும் மண்ணாக்க வேண்டும். அப்போது ஒரு யோசனை சொன்னேன். அந்த வாக்கியத்தைத்தான் நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். சொன்னது இதுதான்:

"அந்தக் கிளையப் பிடிச்சு இறங்கிடலாமே டெஸ்."

"தாங்குமா?"

"எத்தனை வருஷமா நிக்குது."

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது பல வருடமாக நின்றது.

கிளை முறிந்த ஓசை நான் நினைத்ததைவிடச் சிறியது. அவர் என் செங்கல் பாதையில் விழுந்தார். பாத்தியில் ஒரு பதக்கம் மட்டும் வந்து விழுந்தது, அதைத் துடைத்து அவர் பக்கத்தில் வைத்தேன். கண் திறந்திருந்தது. பேச்சும் இருந்தது.

"பாத்தி மேல விழலயே டீச்சர்?"

"இல்ல டெஸ். ஒண்ணும் ஆகல."

"நல்லவேளை" என்றார்.

எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். பதினான்கு பற்கள் மிச்சமிருந்தன. பிரித்து வைத்த பற்கள், மழையில் நனைந்தால் அழுகிவிடும். ஊன்றினேன், மண் அணைத்தேன், வைக்கோல் போர்த்தினேன், கை கழுவினேன். பிறகு கூப்பிட்டேன். இருபது நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால், என்று ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னாராம். டாக்டர்களுக்கு எப்போதும் அவசரம். மூன்றாவது நாள் டெஸ் போய்விட்டார்.

அடக்கத்தன்று நோலீன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசி நேரத்துல நீ பக்கத்துல இருந்தியே ஆட்ரி. தனியா கிடக்கலயே அவரு. அது போதும் எனக்கு." முதல் முறையாக எனக்கு அந்த வீட்டிலிருந்து நன்றி வந்தது. வாங்கிக்கொண்டேன்.

மே முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் பரிசும் வந்தது. குப்பை இல்லாத, வெளிச்சமான தோட்டம் என்று பாராட்டினார்கள். எல்லாருக்கும் முன்னால் கைதட்டியவள் நோலீன்தான். போன வாரம் அவள் மரத்தில் மீதமிருந்த கிளைக் கட்டையை அறுக்க ஆள் கூப்பிட்டாள். ஒரு துண்டை வேலிக்கு மேலே நீட்டிக் காட்டினாள். "பாரேன், பூச்சி துளைச்சுத் துளைச்சு வச்சிருக்கு. பாவி மனுஷன் இதைப் பார்க்கவே இல்லையே." நான் வாங்கிப் பார்த்துவிட்டு, ஆமாம், பூச்சிதான் என்றேன். மெழுகை அடையாளம் கண்டுகொண்டு உங்களிடம் சொன்னது மரம் அறுக்க வந்தவன். கெட்டிக்காரன். அவனும் என்னிடம் படித்தவன்தான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? போடுகிறேன். அதற்கு முன் ஜன்னல் வழியாக ஒருமுறை பாருங்கள், பூண்டு முளைத்துவிட்டது. ஒவ்வொரு வரிசையும் நூல் பிடித்தாற்போல நேராக வந்திருக்கிறது. கடைசி வரிசையின் கடைசிப் பதினான்கு மட்டும் கோணல்மாணலாக நிற்கின்றன. அன்றைக்குக் குளிர் கொஞ்சம் அதிகம், கான்ஸ்டபிள். கோணல் அதனால்தான்.