ஓரகத்தி குளவியும் என் குளவியும்

...அதத்தான் தம்பி சொல்ல வர்றேன், இன்னொண்ணு கிடைக்கலைன்னா அது என் குத்தமா? இந்தக் குளவி மாதிரி வேற ஒண்ணு உலகத்துல எங்கயும் கண்ணுல படலையாம், அதனால குளவிப் பட்டியல்லேருந்து பேரையே எடுத்துடலாமான்னு யோசிக்கிறாங்களாம், நேர்ல பாத்துட்டு வாங்கன்னு உங்கள அனுப்பிட்டாங்களாம். ஒத்தப் புள்ள பெத்தவளப் பாத்து, இன்னொண்ணு பெறல, அதனால உனக்குப் புள்ளையே இல்லன்னு யாராவது சொல்வாங்களா? உக்காருங்க, உக்காருங்க. மைக்ராஸ்கோப்பு எங்கயும் ஓடிடாது. சாப்பாட்டு மேசையில அதுதான் உக்காந்திருக்கு, நாங்கதான் தட்டை மடியில வச்சுச் சாப்பிடுறோம். எங்க வீட்டுக்காரரு முடி வெட்டிக்கப் போயிருக்காரு. ஆராய்ச்சிக்காரர் வர்றாரு, ஆளு பாக்குற மாதிரி இருங்கன்னு நான்தான் துரத்திவிட்டேன். டீ ஆறுது பாருங்க.

உங்களுக்கு நான் சொல்லணுமா, இருந்தாலும் சொல்றேன். நம்மளக் கொட்டுற குளவி வேற, இது வேற. இது ஒட்டுண்ணி. அடுத்தவன் வீட்டுப் புழுவுக்குள்ள முட்டைய வச்சிட்டுப் போயிடும், அதோட புள்ளைங்க உள்ளுக்குள்ளயே தின்னு வளரும். என் மாமனார், பாவம், கல்யாணத்தன்னிக்கு என்னக் கூப்பிட்டு, "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்மா, நீ சொல்லிக்கிட்டே இரு, இவன் திருந்திடுவான்"னாரு. எனக்கு வாழ்த்து சொல்றாரு மனுஷன். இவரு பக்கத்துல நின்னுக்கிட்டு, "அப்பா, புழு குளவியாகாது, குளவி புழுவத் தின்னுட்டு வெளிய வரும்"னாரு. போட்டோவுல பாத்தீங்கன்னா மாமனார் வாய் திறந்தபடி இருக்கும்.

சரி, அத விடுங்க. இவரு கண்டுபிடிக்கிற குளவிக்கெல்லாம் வேண்டியவங்க பேரா வச்சிக்கிட்டு வந்தாரு. முதல்ல யாருக்கு? அவரோட அண்ணிக்கு. என் ஓரகத்திக்கு. அந்தக் குளவி எப்படின்னா, பச்சைப் பட்டு மாதிரி மினுமினுங்குது. இடுப்பு இருக்கே, நூலு. அவ இடுப்பப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி எதுக்கு. அதோட அது எந்தத் தோட்டத்துல போய்ப் பாத்தாலும் கிடைக்குது. அவ வீட்டு ஜன்னல்லயே ஒண்ணு வந்து உக்காந்துச்சாம், போட்டோ எடுத்து குடும்பம் மொத்தத்துக்கும் அனுப்பிட்டா. அடுத்து யாருக்கு? என் தங்கச்சிக்கு. அவளுக்கு வச்சா எனக்கு வச்ச மாதிரின்னு நினைச்சாராம். அதுக்கடுத்து பல் டாக்டருக்கு. பல்லைப் பிடுங்கினவருக்கு ஒரு குளவி, வடிச்சுக் கொட்டினவளுக்கு ஒண்ணுமில்ல. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. கொஞ்ச நாள் குழம்புல உப்பு மட்டும் போடல, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் காலையில மைக்ராஸ்கோப்புலேருந்து தலையத் தூக்குறாரு, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. "இப்படி ஒண்ணு இருக்கவே முடியாது"ங்குறாரு. உடம்பப் பாத்தா ஒரு குளவிக் கூட்டத்தோடது. றெக்கையில நரம்பே கிடையாது, பேருக்கு ஒண்ணு ஓரமா ஓடுது. அந்தக் கூட்டத்துக்குத் தலையில நீட்டிக்கிட்டிருக்குற மீசை, அதான் உணர்கொம்பு, குட்டையா, முழங்கை மாதிரி மடங்கி இருக்கணுமாம். இதுக்கு என்னடான்னா மீசை நீளமா, நூல் கணக்கா, எண்ண எண்ணக் கணுவாப் போகுது. அது வேற கூட்டத்து மீசை. ரெண்டு கூட்டமும் ஆதியில பிரிஞ்ச இடத்துல நின்ன குளவி இதுதான்னு குதிச்சாரு. இதுக்காகவே பட்டியல்ல தனிக் குடும்பம் ஒண்ண உண்டாக்கினாரு தம்பி. அந்தக் குடும்பத்துல இவ ஒருத்திதான். மாமியார் கிடையாது, ஓரகத்தி கிடையாது. அதுக்குத்தான் என் பேரை வச்சாரு. பொம்பளைக் குளவிக்கு மீசையான்னு ஓரகத்தி சிரிச்சா. சிரிக்கட்டுமே. அவ ஆயிரத்தோட ஆயிரத்தொண்ணு, நான் ஒரு குடும்பமே இல்லையா? கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் என் பேரு அச்சுல வந்தது அதுலதான். அழுதுட்டேன். இப்ப அத எடுத்துட்டீங்கன்னா நான் அவ முகத்துல எப்படி முழிப்பேன், நீங்களே சொல்லுங்க.

என்ன எழுதினாலும், பராமரிப்பு சரியில்லன்னு மட்டும் எழுதிடாதீங்க. இந்தக் குளவிப் பெட்டிங்களுக்குப் பாச்சா உருண்டை போடுறது நான், தூசி தட்டுறது நான். அவரு ஒவ்வொண்ணையும் முக்கோண அட்டை முனையில ஒட்டி, குண்டூசியில குத்தி வச்சிட்டுப் போயிடுவாரு. காஞ்சது, தொட்டா உதிரும். சொல்லப்போனா என் பேரு வச்ச அந்தக் குளவியே, அவரு அத மைக்ராஸ்கோப்புல பாத்ததுக்கு முந்தின நாள் குப்பைக்குப் போயிருக்கணும். ரெண்டு பெட்டி கை தவறி விழுந்திடுச்சு. வெளியூர்லேருந்து வந்து, அவரு இன்னும் பிரிச்சுக்கூடப் பாக்காத பெட்டிங்க, நல்லவேளை. வேற ஒருத்தியா இருந்தா பெருக்கித் தள்ளியிருப்பா. நான் தரையில உக்காந்து, புருவம் எடுக்குற இடுக்கியால பொறுக்கினேன். தலை தனியா, உடம்பு தனியாக் கிடந்துச்சு. இவரோட பசையிலேயே ஒரு துளி தொட்டு, துளிகூட வழியாம, கழுத்துல ஒட்டி வச்சேன். இன்னிக்கு வரைக்கும் அவருக்கே தெரியாதுன்னா பாத்துக்குங்க, எவ்வளவு நேர்த்தியா ஒட்டியிருக்கேன்னு.

என்ன கேட்டீங்க? தலை எந்தப் பெட்டியோடதா? தம்பி, ரெண்டு பெட்டியும்தானே விழுந்துச்சு. முழுசா மிஞ்சினது ஒரு தலை, ஒரு உடம்பு. ரெண்டும் கருப்பு, அளவும் கச்சிதமா இருந்துச்சு. அந்த நேரத்துல பொருத்தம் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?

ஏன் எழுந்துட்டீங்க? டீ அப்படியே இருக்கு. மைக்ராஸ்கோப்பு இந்தப் பக்கம்... பாக்க வேண்டாமா? தேவையே இல்லையா? நெஜமாவா சொல்றீங்க? பைய மறந்துட்டுப் போறீங்க... ஆங், செருப்பு அந்த ஓரம். இதோ அவரே படியேறி வந்துட்டாரு. ஏங்க, காதுக்கிட்ட என்னங்க இப்படிக் கோணலா வெட்டியிருக்கான்? இவருதாங்க வர்றேன்னு சொன்ன... தம்பி... தம்பி... போயிட்டாரு.

அத விடுங்க, விஷயத்தக் கேளுங்க. நீங்க இத்தனை வருஷமாப் படம் படமாப் போட்டு எழுதியும் நம்பாதவங்க அனுப்பின ஆளு, நான் ஒரு டீ ஆறுற நேரம் பேசினேன், மைக்ராஸ்கோப்பையே பாக்க வேண்டியதில்லன்னுட்டாரு. முதல்ல உங்க அண்ணிக்குப் போனப் போடுங்க.