குசுகுசுன்னுதான் சொன்னேன்

சின்னமனூரில் பஸ் ஏறிய அம்மாள், எனக்கு முன்சீட்டில் தனியாக இருந்த பெண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி என்பது பேச்சில் தெரிந்தது.

“என் மக கோட்டயத்துல எவனோடயோ இருக்கான்னு வதந்தி கெளப்புனது நீதானாமே?”

“வதந்தியெல்லாம் இல்லக்கா. அரசல்புரசலா காதுல விழுந்துச்சு. ஒருத்தர்கிட்ட குசுகுசுன்னுதான் சொன்னேன்.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரவுக நிச்சயத்தையே முறிச்சிட்டாக. அங்கன அவ நர்ஸ் வேலைதான பாத்தா?”

“ஊரே பேசுனதுக்கு நான் என்னக்கா செய்ய?”

“அரசல்புரசலுங்கற, குசுகுசுங்கற, பேரு என்னவா இருந்தா என்ன? வேலையை விட்டுட்டு வந்து கெடக்கா. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுருமோன்னு, பெத்தவ எங்கிட்டயே வாயப் பொத்திக்கிட்டுப் பேசுறா.”

அந்தப் பெண் நகர்ந்து இடம்விட்டாள். அம்மாள் கம்பம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.