விசிறியை நிறுத்திய கை

தோல் வெட்டுவதில் நம் தொழிற்சாலைக்கே தலைமகனாகி, இன்று இக்கூட்டத்துக்கும் தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதலாளி அவர்களே! மூத்தோர்களே! வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து என் வார்த்தைக்குக் காது கொடுக்கும் தாய்மார்களே! சட்டையைத் துவைத்தாலும் போகாத பசை வாடையோடு வந்திருக்கும் என் ஒட்டுப் பிரிவுத் தோழர்களே! உங்கள் அனைவரையும் பணிந்து வணங்குகிறேன்.

என்ன தோழரே, கையை நீட்டுகிறீர்கள்? என் செருப்பா? படியிலே கிடக்கிறதா?

இருக்கட்டும். எடுக்க வேண்டாம். அங்கேயே கிடக்கட்டும்.

‘உழைப்பின் உயர்வு’ என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். மன்னியுங்கள். உயர்வைப் பற்றிப் பேச நான் வரவில்லை. உயிரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் ஒட்டும் அறைக்கு மேற்பார்வையாளனாக இருந்து, எவருக்கும் அஞ்சாதவன் என்று பெயரெடுத்தவன், இன்று பயந்துபோய் உங்கள் முன் நிற்கிறேன்!

காலணிக்கு அடிப்பாகம் ஒட்டும் அந்த அறையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று மேசை, பன்னிரண்டு பேர், ஒரே ஒரு சன்னல். சன்னலுக்கு மேலே, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ள ஒரு விசிறி. அந்த விசிறி ஓடினால் என்ன ஆகும்? தடவிய பசை காய்ந்து, பால்மேல் போல ஆடை கட்டும். ஆடை கட்டினால் அடிப்பாகம் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போன ஜோடியெல்லாம் புகாரோடு திரும்பி வரும். அதனால் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் செய்யும் முதல் வேலை விசிறியை நிறுத்துவது. இரண்டாவது வேலை சன்னலைச் சாத்துவது. அதைத் தொழில் நுணுக்கம் என்று நினைத்தேன். புதிதாய் வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாய்ச் சொல்லியும் கொடுத்தேன்!

அந்த அறையில்தான் என் தங்கை வேலை பார்த்தாள். மின்னல் என்று பட்டப்பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியும். ஆமாம், அவளேதான். தூரிகையைத் தொட்டாள் என்றால் தோல் தெரியாது, கை தெரியாது, ஒட்டிய காலணிதான் தெரியும். அப்படிப்பட்டவளின் காலிலிருந்து ஒருநாள் செருப்பு நழுவியது. மறுநாளும் நழுவியது. நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம்!

“ஊருக்கே செருப்பு ஒட்டுறவ, உன் கால்ல ஒண்ணு நிக்க மாட்டேங்குதே!” என்றேன் நான்.

“போங்கண்ணே, வார் தளர்ந்துபோச்சு,” என்றாள் அவள்.

வாரை மாற்றினோம். செருப்பையே மாற்றினோம். அப்புறமும் நழுவியது. மூன்றாம் மாதம் மாடிப்படியில் விழுந்தாள். தூக்கி உட்கார வைத்தபோது அவள் சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது: “அண்ணே, குனிஞ்சு பாத்தாதான் என் கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியுது.”

நரம்பு மருத்துவர் அவள் முட்டியைத் தட்டினார், பாதத்தைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “எதை வெச்சு ஒட்டுறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“காலை அசைக்கிற நரம்பு செல் முதுகெலும்புக்குள்ள இருக்கு. அதுலேருந்து ஒரே ஒரு இழை, முடியைவிட மெல்லிசா, பாதம் வரைக்கும் போகுது. ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த இழை தனக்கு வேணுங்கிறதைத் தானே செஞ்சுக்காது. எல்லாம் முதுகுலேருந்து வரணும். அதுக்கு உள்ள தடம் இருக்கு, சுமந்துட்டுப் போற புரதங்களும் இருக்கு. ஓயாம போக்குவரத்து நடக்கும்.”

“இப்போ என்ன ஆச்சு சார்?”

“உங்க பசையைக் கரைக்கிற திரவம் ஆவியா உள்ள போயி, உடம்புல வேற நஞ்சா மாறுது. அது இழைக்குள்ள இருக்கிற நூல் மாதிரி புரதங்களை ஒண்ணோட ஒண்ணு பிணைச்சுடுது. நூலெல்லாம் முடிச்சு முடிச்சா சேர்ந்து, இழை அங்கங்க வீங்கிடுது. சரக்கு தாண்டிப் போக முடியலை. முடிச்சுக்கு அந்தப் பக்கம் பட்டினி.”

“ஏன் சார் முதல்ல கால்?”

“அதுதான் ரொம்ப தூரம். அடுத்தது கை.”

கேட்டீர்களா தோழர்களே? வெட்டுக் காயமில்லை, வீக்கம் வெளியே தெரியவில்லை, வலியென்று சொல்ல வழியில்லை! பகல் முழுக்க நாம் அடிப்பாகத்தை ஒட்டினோம்; நம் நரம்புக்குள்ளே அந்த நஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது! ஆறாத புண் என்றால் அஞ்சியிருப்போம். தெரியாத நஞ்சுக்கு எப்படி அஞ்சுவது? மூச்சு விட்டால்தானே உயிர்? அந்த மூச்சிலேயே முடிச்சு வந்தால் எங்கே ஓடுவது?

வேலையை விட்ட பின்னும் நான்கு மாதம் அவளுக்கு மோசமாகிக்கொண்டேதான் போனது. இனிமேல் அந்த நரம்பு இழை வளரலாம், வளர்ந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குத்தான் என்கிறார் மருத்துவர். மின்னல் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு நடக்கிறாள். யார் செய்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் சொல்கிறேன். விசிறியை நிறுத்தியது யார் கை? இந்தக் கை! சன்னலைச் சாத்தியது யார் கை? இந்தக் கை!

உட்காருங்கள் முதலாளி, உங்களைத் திட்ட வரவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த அறை திறக்கிறது. அதே பசை பீப்பாய் வந்து இறங்கியிருக்கிறது. அது திரும்பிப் போகட்டும். வேறு பசை வரட்டும். விசிறி ஓடட்டும், சன்னல் திறக்கட்டும். ஆடை கட்டினால் கட்டட்டும். ஜோடி திரும்பி வந்தால் வரட்டும். கால் திரும்பி வருமா?

இப்போது அந்தச் செருப்புக்கு வருகிறேன். இரண்டாம் படியில் கிடக்கிறது, இல்லையா? அது என் வலது கால் செருப்பு. இந்த மேடைக்கு நான் ஏறும்போது கழன்றிருக்கிறது. தோழர் கையை நீட்டிச் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. இப்போதும் தரை சில்லென்று இருக்கிறதா, சுடுகிறதா, எனக்குத் தெரியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முதல் நன்றி. உங்களில் யாருக்காவது செருப்பு நழுவினால், வாரைப் பார்க்காதீர்கள், நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். பொறுமையாய்க் கேட்ட தாய்மார்களுக்கும் தலைவருக்கும் நன்றி, வணக்கம்.

யாராவது ஒருவர் மேலே வாருங்கள். படி இறங்க எனக்குக் கை வேண்டும்.